விந்தைக் கதைகளில் விடுபட்ட நாடுகள்

கதையொன்றைப் படித்து முடித்ததும், "இதில் நம் நாடு எங்கே? நம் மக்கள் எங்கே?" என்று வினவும் வழக்கம் இந்நாளில் நம் வாசகரிடையே பரவி வருகின்றது. இது வரவேற்கத்தக்க வழக்கமே. கொடுத்ததைப் படித்துவிட்டு வாளாவிருக்கும் வாசகரைக் காட்டிலும், விடுபட்டதைத் தேடும் வாசகரே இலக்கியத்துக்கு உற்ற துணைவராவர். ஆயினும், வினா எழுப்பிய மறுகணமே, "நம் நாடு இதில் இல்லை, ஆகவே இவ்வாசிரியர் நம்மை இழிவாக எண்ணியவர்" என்று தீர்ப்பும் கூறிவிடுவோர் சிலர் உளர். வழக்காடுவோரும் அவரே, நீதிபதியும் அவரே என்னும் இம்முறை நியாயமாகாது. கற்பனைக் கதையில் ஒரு நாடு இடம்பெறாமை ஆசிரியரின் ஓரவஞ்சனையைக் காட்டுமா, காட்டாதா என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. நடப்பதை நடந்தவாறு எழுதும் ஆசிரியர், "கண்ட ஊரை எழுதினேன், காணாத ஊரை எழுதவில்லை" என்று விடை கூறலாம். விந்தைக் கதை எழுதுவோர்க்கு அவ்விடை பொருந்தாது. அவர் தமக்கு வேண்டிய உலகத்தைத் தாமே படைத்துக் கொள்பவர். கடலடியில் அரண்மனை கட்டுவார், விலங்கைப் பேச வைப்பார், இறந்தவரை எழுப்புவார். "கடலடியில் ஒரு ராஜ்யத்துக்கு இடம் கண்டவருக்கு, கடலுக்கு இக்கரையில் பால்மரம் சீவிய எனக்கு இடம் காண முடியவில்லையா?" என்று ஒரு தோட்டத் தொழிலாளி கேட்பாராயின், அக்கேள்விக்கு இலக்கியம் கற்றவர்கள் விடை கூறக் கடமைப்பட்டவர்களே.

செங்குன்றின் கதை

முதலில் நம் காலடியிலுள்ள ஒரு கதையை எடுத்துக் கொள்வோம். சிங்கப்பூரில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்து விளங்கும் புக்கிட் மேரா வட்டாரத்தின் பெயருக்குச் செங்குன்று என்பது பொருள். முற்காலத்தில் சிங்கப்பூர்க் கடற்கரையில் 'தோடாக்' என்னும் கூர்மூக்கு மீன்கள் கூட்டங் கூட்டமாகப் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றனவாம். அரசன் தன் ஆட்களைக் கரையில் வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே மதிலாக்கினான். மீன்கள் கால்களைத் துளைத்துச் சென்றன. அப்போது ஒரு சிறுவன், "மனிதர் கால்களுக்குப் பதிலாக வாழைத் தண்டுகளை வரிசையாக நிறுத்தலாகாதா?" என்றான். அவ்வாறே செய்தனர். மீன்களின் மூக்குகள் தண்டில் சிக்கிக் கொள்ள, மக்கள் அவற்றைக் கொன்று குவித்தனர். ஊர் பிழைத்தது, சிறுவன் பிழைக்கவில்லை. "இவ்வயதில் இத்தனை அறிவுடையவன் வளர்ந்தால் என்னாவான்?" என்று அஞ்சி, அவனைக் கொல்வித்தான் அரசன். அச்சிறுவனின் குருதியாலேயே குன்று சிவந்தது என்பது ஊரார் வழக்கு. குன்று சிவந்த செய்தி வாய்மொழியாக வழங்குவது. மீனும் வாழைத் தண்டும் சிறுவனும் 'செஜாரா மெலாயு' என்னும் மலாய்ப் பழநூலில் உள்ளவை.

இக்கதையில் தமிழர் ஒருவரும் இல்லை. அரசன், மந்திரிமார், பெயரில்லாத ஒரு சிறுவன், மீன்கள்; அவ்வளவே. இவ்வொரு கதையை மட்டும் படித்துவிட்டு, "மலாய் ஆசிரியர் நம்மை ஒதுக்கினார்" என்று எவரேனும் முடிவு கட்டினால் அவர் பெரிதும் ஏமாந்து போவார். ஏனெனில், 1612 ஆம் ஆண்டில் ஜொகூர் அரசவையைச் சார்ந்து தொகுக்கப்பட்டு, துன் ஸ்ரீ லானாங் என்பாரின் பெயரால் வழங்கும் அதே நூலில், 'கிளிங் நாடு' எனப்படும் நம் நாடு பல ஏடுகளில் வருகின்றது. அச்சொல் பிற்காலத்தில் வசைச்சொல்லாகத் திரிந்து நம்மவர் உள்ளத்தைப் புண்படுத்துவதாயிற்று. அந்நூலிலோ அது ஒரு நாட்டின் பெயர் மட்டுமே.

அந்நூலில் ராஜா சூலான் என்றொரு பேரரசன் வருகிறான். சோழர் பெயரின் எதிரொலி அது என்று அறிஞர் கருதுவர். அவன் சீனத்தை வெல்லப் படையெடுத்துத் தெமாசெக் வரை வந்து விடுகிறான். சீன மன்னன் ஒரு சூழ்ச்சி செய்கிறான். பல்விழுந்த கிழவர்களையும், துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும் ஒரு மரக்கலத்தில் ஏற்றி அனுப்புகிறான். "நாங்கள் சீனத்தைவிட்டுப் புறப்பட்டபோது சிறுவர்கள், இந்த ஊசிகள் கைப்பருமனுள்ள இரும்புக் கம்பிகள், இம்மரங்களை நாங்கள்தாம் வித்தாக நட்டோம்" என்கின்றனர் கிழவர்கள். இத்தனை தொலைவு எங்ஙனம் செல்வது என்று சூலான் திரும்பி விடுகிறான். பின்னர்க் கண்ணாடிப் பேழையில் கடலடிக்கு இறங்கி, அங்குள்ள அரசகுமாரியை மணக்கிறான். மலாய் அரசமரபே அவன் வழியில் வந்ததாக அந்நூல் கூறுகின்றது. பின்னும், பாடாங் என்னும் பலசாலியோடு வலிமை காட்ட வந்து தோற்றுப்போகும் கிளிங் நாட்டு மல்லன் ஒருவன் வருகிறான். மலாக்காவில் மந்திரி மரபுக்கு மூதாதையான மணி புரிந்தன் வருகிறான். நூலைத் தொகுத்த துன் ஸ்ரீ லானாங்கின் குலமும் அவனிடமிருந்தே வந்ததெனக் கூறுவர். கோள் சொல்லிப் பெருங்கேடு விளைவித்த கிதுல் என்பவனும் நம் நாட்டவனாகவே வருகிறான். மூதாதை, மல்லன், வணிகன், கோள்காரன் என நல்லதும் தீயதுமாக நாம் அந்நூலில் நிற்கிறோம். இந்நூலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிங்கப்பூரில் அச்சேற்றிய முன்ஷி அப்துல்லாவின் முன்னோரும் நாகூரோடு உறவுடையவர்களே.

ஒன்றை நோக்குக. ஊசிக் கப்பலின் கதையில் முன்னிற்பவர் சூலானும் சீன மன்னனுமே. தெமாசெக், அவ்விருவரின் பெருமிதங்கள் மோதிக்கொள்ளும் ஒரு துறை மட்டுமே. எழுதியவரோ மலாய் அரசரின் புகழைச் சொல்ல வந்தவர். அவர் தம் மண்ணை வெறுத்தா அதன் மக்களை அவ்விடத்தில் பேசாமல் விட்டார்? இல்லை. கதையின் போக்கு அப்படி. ஆகவே ஓர் ஏட்டில் இல்லாமையைக் கொண்டு ஆசிரியரின் உள்ளத்தை அளக்கவொண்ணாது என்பது இதனாற் பெறப்படும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

அங்ஙனமாயின் எதைக் கொண்டு அளப்பது? மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது நமது துணிபு. முதலாவது: விடுபட்ட நாட்டைப் பற்றி அறியும் வாய்ப்பு ஆசிரியருக்கு இருந்ததா? இரண்டாவது: கதை செல்லும் வழி அந்நாட்டைத் தொடுகிறதா? மூன்றாவது: தொடுமாயின், அந்நாட்டு மக்கள் கதையில் வாய்திறந்து பேசுகிறார்களா, அன்றி நிலமும் பொருளும் மட்டும் வந்து மக்கள் மறைந்து போகிறார்களா? இம்மூன்றினுள் மூன்றாவதே தலையாயது.

ஏனெனில், நாட்டின் பெயர் இருப்பது வேறு. நாட்டார் இருப்பது வேறு. தோட்டத்து லயங்களில் மாலை வேளைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட பெரிய எழுத்துக் கதைகளில், சுயம்வரம் என்றால் ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்களும் வந்து விடுவார்கள். அவ்வைம்பத்தாறையும் எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை. அது கதை சொல்வோரின் ஒரு வாய்பாடு. ஐம்பத்தேழாவது தேசம் ஏன் இல்லை என்று கேட்பது, பந்தலில் தொங்கும் தோரணத்தில் ஓர் இலை குறைந்ததற்கு வழக்குத் தொடுப்பது போலாகும். நன்னூலின் உரையிலோ, தமிழகத்தைச் சூழ்ந்த பதினேழு நாடுகளை எண்ணும் இடத்தில் சீனம், சாவகம், கடாரம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. இந்தத் தென்கிழக்கு நிலங்களைத் தமிழ்ப் புலவர் அறிந்திருந்தனர் என்பதற்கு அது சான்று. ஆனால் திசைச்சொல்லுக்காக எண்ணப்பட்ட அப்பெயர்களில் ஒரு மனிதனின் முகமும் தெரிவதில்லை.

முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியும் இத்தகையதே. 1025 ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைக் கூறும் அது, ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், மாயிருடிங்கம், தலைத்தக்கோலம், கடாரம் என ஊர்களை அடுக்கிச் செல்கிறது. பெயர் குறிக்கப்பட்ட மனிதர் தோற்ற அரசர் ஒருவரே. நம் பகுதி அதில் விடுபடவில்லை, வரிசையாக இடம்பெற்றுள்ளது. ஆனால் இடம்பெற்றது வெற்றிப் பொருளாக. "எங்கள் நாட்டைக் குறிப்பிட்டார்கள்" என்று கடாரத்தார் மகிழ்ந்திருப்பாரோ? இடம்பெறுவதாலேயே ஓரவஞ்சனை நீங்கிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

மேனாட்டு நூலொன்றையும் நோக்குவோம். ஜோனதன் ஸ்விப்ட் 1726 இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைக் கதையில் குள்ளர் நாடும் பூத உடலினர் நாடும் பறக்கும் தீவும் வருகின்றன. உண்மையான கீழ்த்திசை நாடுகளுள் கலிவர் சென்று அரசனைக் காண்பது ஜப்பானில் மட்டுமே. சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை ஒரு வரியில் வந்து போகிறது. நோயுற்ற மாலுமிகள் தேறும்பொருட்டுக் கப்பல் அங்கே மூன்று வாரம் தங்குகிறது, அவ்வளவே. தமிழர் ஒருவரும் தென்படுவதில்லை. இதனால் ஸ்விப்ட் தமிழரை இகழ்ந்தார் எனலாமா? ஆகாது. அவர் சாட்டையடி தம் நாட்டு அரசியல்வாதிகளுக்கும் அறிவுச் செருக்கினருக்கும் உரியது. கதையின் வழி நம்மைத் தொடவில்லை. இரண்டாவது கேள்வியிலேயே வழக்கு முடிந்து விடுகிறது.

மணிமேகலை காட்டும் வழி

நிற்க. நம் தமிழிலேயே, கடல் கடந்த நாட்டை எங்ஙனம் கதைக்குள் கொண்டுவருதல் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய இலக்கணம் இருக்கின்றது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்பவன் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றவன். தமிழ்நாட்டில் வளம் பெருகி, உண்பார் இல்லாமற்போன காலத்தில், சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசியால் மடிவதாகக் கப்பலில் வந்தோர் கூறக் கேட்டு, அவன் அந்நாட்டுக்கு மரக்கலம் ஏறுகிறான். இடையே மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டு, உணவு துறந்து உயிர் நீக்கி, சாவகத்திலேயே மறுபிறவி எடுத்துப் புண்ணியராசனாக ஆள்கிறான். மறுபிறவி முதலியவற்றை நாம் நம்ப வேண்டுவதில்லை. புலவரின் உள்ளத்தை மட்டும் பார்ப்போம். சாவகம் அங்கே பொன் விளையும் பூமியாக வரவில்லை. வெல்லத்தக்க கோட்டையாக வரவில்லை. பசித்த மக்களின் நாடாக வருகின்றது. அங்குள்ளோர் பசியும் இங்குள்ளோர் பசியும் ஒன்றே என்பதுதான் கதாநாயகன் கப்பலேறக் காரணம்.

அதே காப்பியத்தில், கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்கும் சாதுவன் கதையும் உண்டு. அத்தீவினர் ஆடையற்றோர், நரமாமிசம் உண்போர் எனப் புலவர் சித்திரிக்கிறார். இது அக்கால நகரத்தாரின் ஓரவஞ்சனையே என்பதில் ஐயமில்லை. ஆயினும் பின்னர் நடப்பதைக் காண்க. சாதுவன் அவர்கள் மொழியை அறிந்தவன், அம்மொழியிலேயே பேசுகிறான். நாகர் தலைவன் கள்ளும் ஊனும் தர, சாதுவன் மறுக்கிறான். தலைவன் சும்மா இருக்கவில்லை. இவற்றைவிட்டால் உலகில் வேறு என்ன இன்பம் உண்டு என்று கேட்கிறான். உயிர் உடலை விட்டு வேறிடம் செல்லும் என்றதும் நகைத்து, அது எப்படி என்று சான்று கேட்கிறான். வாதம் நடக்கின்றது. முடிவில் தலைவன் ஏற்றுக் கொள்கிறான் என்பது வேறு விஷயம். தம்மவர் அல்லாத ஒருவனுக்கு வினவும் அறிவையும் எதிர்த்துரைக்கும் வாயையும் ஒரு தமிழ்ப் புலவர் கொடுத்தார் என்பதே இங்கு நாம் மறவாதிருக்க வேண்டிய செய்தி.

நம் காலத்துச் சரித்திரக் கதைகள்

இனி, நம்மவர் வீடுகளில் மிகுதியாகப் படிக்கப்படும் சரித்திரக் கற்பனைகளைப் பார்ப்போம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, 2022, 2023 ஆம் ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்தது. அதில் சோழநாடும் ஈழமும் விரிவாக வருகின்றன; கடாரம் அவ்வாறு வரவில்லை. கடாரப் படையெடுப்போ கதை நிகழும் காலத்துக்கு அரை நூற்றாண்டு பிந்தியது. ஆகவே இதனை ஓரவஞ்சனை என்பது பொருந்தாது. ஆனால் ஒன்று கருதத் தக்கது. கதையின் முக்கிய இடங்களுள் ஒன்று நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம். நோயுற்ற இளவரசர் அங்கேதான் பிக்ஷுக்களால் காக்கப்படுகிறார். அவ்விகாரத்தைச் சரித்திரத்தில் எழுப்பியவர் கடாரத்து அரச மரபினர். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்ததைச் செப்பேடு கூறுகின்றது. கதையில் விகாரம் நிற்கின்றது. முதன்மையான கதைமாந்தருள் கடாரத்தார் ஒருவரும் இல்லை.

அதே ஆசிரியரின் 'பார்த்திபன் கனவு' 1941 இல் தொடங்கி 1943 வரை தொடராக வெளிவந்தது. அதில் சோழ இளவரசன் விக்கிரமன் கடல் கடந்த செண்பகத் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். அத்தீவினர் அவனைத் தம் அரசனாகவே ஏற்றுக் கொள்கின்றனர். அவன் உள்ளமோ தாய்நாட்டையே நாடி ஏங்குகின்றது, திரும்பியும் வருகிறான். தமிழ்நாட்டு வாசகர் இக்கதையில் மூழ்கியிருந்த அதே ஆண்டுகளில்தான், உண்மையான கடல் கடந்த நாட்டில், கிள்ளான் தோட்டத் தொழிலாளர் 1941 இல் கூலிக்கும் மானத்துக்கும் வேலைநிறுத்தம் செய்தனர். 1942 பிப்ரவரி 15 இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் நம்மவர் பல்லாயிரவர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மடிந்தனர். கதையிலே தீவுக்குச் சென்ற தமிழன் சிம்மாசனம் ஏறினான். மெய்யிலே சென்றவன் தண்டவாளக் கட்டை சுமந்தான். இதற்காக ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? கூடாது. போர்க்காலத்தில் செய்தி அடைபட்டிருந்தது; சயாம் மரணங்களைச் சென்னையிலிருந்தோர் அறிய வழியில்லை. முதற் கேள்வியே அவரை விடுவிக்கின்றது. எனினும், கடல் கடந்த நிலம் என்றாலே நம் இளவரசனுக்காகக் காத்திருக்கும் வெற்றுச் சிம்மாசனம் என்று எண்ணும் பழக்கம் அக்கதையில் இருப்பதை மறுக்கவும் இயலாது.

சாண்டில்யனின் 'கடல் புறா'வில் நிலைமை வேறு. அங்கே கடாரமும் ஸ்ரீவிஜயமும் அட்சயமுனையும் கதைக்களமாகவே விளங்குகின்றன. நம் பகுதி விடுபட்டது என்று எவரும் குறைகூற முடியாது. ஆனால் கடாரம் அங்கே யார் உருவில் பேசுகின்றது? கதாநாயகனாகிய கருணாகரனைக் காதலிக்கும் இளவரசி காஞ்சனாதேவியின் உருவில். தம் துறையில் வந்திறங்கிய அன்னியக் கலங்களைப் பற்றிக் கடாரத்து நெல்வயலில் நின்ற உழவனும் வலை வீசிய செம்படவனும் என்ன எண்ணினர் என்பது கதையின் கவலை அன்று. நாடு நிறைய இருக்கின்றது, நாட்டார் குறைவு. மூன்றாவது கேள்வியை இந்நூல் முழுதும் தாண்டவில்லை என்பதே நம் அபிப்பிராயம். வீரதீரக் கதையாக அதன் விறுவிறுப்பை நாம் குறைத்துரைக்க வரவில்லை.

நூலும் நூலடுக்கும்

மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? தனித்தனியே எடுத்து நோக்கினால் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு நியாயமான விடை இருக்கின்றது. ஒருவருக்குக் காலம் பொருந்தவில்லை. மற்றொருவருக்குச் செய்தி எட்டவில்லை. பிறிதொருவருக்குக் கதை வேறு. ஆனால் எல்லா நூல்களையும் ஒரே அடுக்கில் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, எல்லோரும் ஒரே இடத்தைத்தான் விட்டிருக்கிறார்கள் என்பது புலனாகின்றது. ஒருவர் விட்டது தற்செயலாயிருக்கலாம். அனைவரும் ஒரே இடத்தில் விட்டது தற்செயலாகாது. தனியாசிரியர் எவரிடத்தும் ஓரவஞ்சனை இல்லாதபோதும், இலக்கியம் முழுமைக்கும் ஓர் ஓரவஞ்சனை இருக்கக் கூடும். நம் வாசகர் உணர்ந்து வருந்துவது இதனையே. அதைச் சொல்லத் தெரியாமல், கையில் அகப்பட்ட ஓர் ஆசிரியரைக் குற்றஞ்சாட்டி விடுகின்றனர்.

எந்த இடத்தை அனைவரும் விட்டனர்? கடாரத்தை மட்டுமன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் பொறித்த கல்வெட்டுகளில், ஊர்களின் நிலக்கணக்கைக் கூறுமிடத்துப் பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி என்பவை எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. கல்வெட்டுகளை ஆதாரமாகக் கொண்டு சோழர் கதை எழுத வந்தோர்க்குக் கோட்டையும் கொத்தளமும் நந்தவனமும் தெரிகின்றன. அதே கல்லிலுள்ள சேரி தெரிவதில்லை. இங்கே முதற் கேள்விக்கு விடை, அறியும் வாய்ப்பு இருந்தது என்பதே. இரண்டாம் கேள்விக்கு விடை, கதை அவ்வூர்களின் வழியாகவே செல்கின்றது என்பதே. மூன்றாவதற்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. இங்கே குற்றச்சாட்டு நிலைநிற்கின்றது. ஒருவர் மேலன்று, அக்கதைவகையின் மேல்.

இவ்விரு விடுபாடுகளும் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கியோரில் கணிசமானோர் அச்சேரிகளிலிருந்தே வந்தனர். கதையின் சோழநாட்டில் எவருக்கு இடமில்லையோ, அவருக்கே பிற்காலத்துத் தமிழ்நாட்டிலும் நிலமில்லை; அவரே கங்காணியின் பின்னே கடல் கடந்தவர். ஊரின் வரைபடத்தில் சேரியை விட்டவர், உலகத்தின் வரைபடத்தில் தோட்டத்தை விட்டதில் வியப்பில்லை.

"அக்காலத்தில் எழுத்தாளர்க்கு இதெல்லாம் எட்டாத செய்தி" என்று சமாதானம் கூறுவோர்க்கு ஒரு விடை உண்டு. பிஜித் தீவைக் கண்ணாற் காணாத பாரதியார், அங்குள்ள கரும்புத் தோட்டத்துப் பெண்களின் துயரைப் பாட்டாக்கினார். 1935 இல் புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில், திருநெல்வேலிச் சேரியையும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும் ஒரே கதையில் இணைத்துக் காட்டினார். ராஜேந்திரன் காலத்தை 'வேங்கையின் மைந்த'னில் எழுதி 1963 இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அகிலன், பின்னாளில் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைக் கண்டபின் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். மனம் வைத்தோர்க்கு வழி இருந்தது. ஆனால் இம்மூவரும் தோட்டத்தைத் துயரத்தின் இடமாகவே எழுதினர். வீரத்துக்கும் விந்தைக்கும் அற்புதத்துக்கும் உரிய இடமாகத் தோட்டத்தை எண்ணியவர் அரியர். நம்மை அழுவதற்கு மட்டும் கதைக்குள் அழைத்தல் போதாது என்பதே இன்றைய வாசகரின் முறையீடு. அது நியாயமான முறையீடு.

செய்ய வேண்டுவது

அதற்குப் பரிகாரம் ஆசிரியர்களை விசாரணைக்கு இழுப்பதன்று. "அடுத்த கதையில் எங்கள் ஊரையும் ஒரு வரி சேர்த்துக் கொள்ளுங்கள்" என்று விண்ணப்பம் போடுவதும் அன்று. அப்படிச் சேர்க்கப்படும் ஊர், கலிவர் கதையில் சென்னைக் கோட்டை வந்தது போலத்தான் வரும். நூலடுக்கின் குறை, நூல்களைச் சேர்ப்பதாலேயே தீரும். அவற்றை எழுத வேண்டியோர் இங்குள்ளோர்.

புக்கிட் மேராவுக்கே மறுபடி வருவோம். குன்று சிவந்தது சிறுவன் குருதியால் என்று கதை கூறுகின்றது. செம்மண்ணால் என்று மண்ணறிந்தோர் கூறுகின்றனர். அவ்வட்டாரத்தை அடுத்த அலெக்சாந்திரா செங்கற் சூளையில் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். 1913 ஆம் ஆண்டளவில் அவர்கள் எழுப்பிய காளியம்மன் கோயில், சூளை மறைந்த பின்னும், இன்று டெப்போ சாலையில் நிற்கின்றது. வழிபாட்டைப் பற்றி அவரவர் கொள்கை அவரவர்க்கு. ஆனால் மண்ணைப் பிசைந்து நெருப்பிலிட்டு நகரத்துக்குச் சுவர் கொடுத்தவர்களின் வாயில் என்னென்ன கதைகள் உலவியிருக்கும்! சூளை நெருப்பருகே இரவுக் காவல் இருந்தவர்கள் அச்செங்குன்றைப் பார்த்து எதைக் கற்பனை செய்திருப்பார்கள்! அவற்றை எழுதத் தஞ்சையிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒருவர் வருவார் என்று காத்திருப்பது வீண்.

அங்ஙனம் எழுதப் புகும் நம் இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுவதும் நம் கடமை. நாம் எழுதும் விந்தைக் கதையில் தமிழன் மட்டும் பேசி, மலாய்க்காரர் படகோட்டியாகவும் சீனர் கடைக்காரராகவும் கடல்வாழ் பழங்குடியினர் காட்சிப் பொருளாகவும் வந்து போவார்களாயின், நாம் பிறர்மேல் கூறிய குற்றத்தை நாமே செய்தவர்களாவோம். வாழைத் தண்டை நினைத்த அச்சிறுவன் எந்த இனத்தான் என்பதைப் பழநூல் கூறவில்லை; பெயரைக்கூடக் கூறவில்லை. அவன் அறிவாளி என்பதையும், அதற்காகவே கொல்லப்பட்டான் என்பதையும் மட்டுமே கூறுகின்றது. அவனை நம்மவனாகக் கருதி இரங்குவதற்கு நமக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆகவே தோட்டத்திலும் நகரத்திலும் உள்ள அன்பர்களை நாம் கேட்டுக் கொள்வது இது. அடுத்த முறை ஒரு சரித்திரக் கற்பனையைக் கையிலெடுக்கும்போது, நம் நாட்டின் பெயர் எத்தனை இடத்தில் வருகின்றது என்று எண்ணிக் கொண்டிராதீர்கள். கதையில் வரும் ஒவ்வொரு நாட்டிலும், அரசரல்லாத ஒருவராவது வாய்திறந்து தம் கருத்தைச் சொல்லுகிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையாயின், ஆசிரியரை ஏசாமல், அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை நீங்களே எழுதத் தொடங்குங்கள். நடை செம்மையாக இல்லையே என்று தயங்க வேண்டாம். படித்துப் பார்த்துக் குறை நிறைகளைச் சொல்ல, உங்களைப் போலவே கேள்வி கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள்.